கணினி ஓய்வாக இருக்கும்போதே ஒலி ஏன் அறுபடுகிறது?

வீட்டில் ஒரு மடிக்கணினி, ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு மைக் ஆகியவற்றை வைத்துக்கொண்டு இசையமைக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கலை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தம்பூரா ஒலி சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது 'டக்' என்று ஒரு வெட்டு விழும். சில வேளைகளில் ஒரு நொடி கரகரவென்று இழுத்துவிட்டு ஒலி பழையபடி தொடரும். மென்பொருளின் மூலையில் உள்ள சிபியூ மீட்டரைப் பார்த்தால், அது 20 அல்லது 25 விழுக்காட்டில் அசையாமல் நின்றுகொண்டிருக்கும். வேலையே இல்லாத கணினியில் ஒலி ஏன் அறுபட வேண்டும் என்பது விளங்காததால்தான் பலர் ரேமைக் கூட்டுகிறார்கள், இன்டர்ஃபேஸை மாற்றுகிறார்கள், கடைசியில் புதுக் கணினியே வாங்கிவிடுகிறார்கள். குறும்படங்களுக்குப் பின்னணி இசை செய்யும் என்னுடைய கணினியில் இந்தக் கோளாறு எங்கிருந்து வந்தது, அதை எப்படிப் பிரித்தறிந்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். நான் பயன்படுத்துவது விண்டோஸ் என்பதால் அமைப்புகள் பற்றிய குறிப்புகள் அதைச் சார்ந்தவை. காரணங்கள் பெரும்பாலும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவானவை.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும்போது ஒரு நொடிக்கு 48,000 சாம்பிள்கள், அதாவது ஒலியலையின் அளவீடுகள், தேவைப்படுகின்றன. கணினி அவற்றை ஒவ்வொன்றாக அனுப்புவதில்லை. ஒரு கட்டாகச் சேர்த்து அனுப்புகிறது. அந்தக் கட்டின் அளவைத்தான் பஃபர் என்கிறோம். பஃபரை 128 சாம்பிளாக வைத்தால் ஒரு கட்டுக்குக் கிடைக்கும் நேரம் 2.67 மில்லிநொடி. அதற்குள் எல்லா டிராக்குகளையும் படித்து, எல்லா ப்ளக்இன்களின் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்களின்) வழியாகவும் செலுத்தி, கலந்து, இன்டர்ஃபேஸின் கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த கையோடு அடுத்த கட்டைத் தொடங்க வேண்டும். நொடிக்கு 375 முறை இந்தக் கெடு வந்துபோகிறது. அதில் ஒரே ஒரு முறை தவறினாலும் இன்டர்ஃபேஸிடம் வாசிக்க எதுவும் இருக்காது. அந்த வெற்றிடம்தான் நமக்கு 'டக்' என்று கேட்கிறது.

தனி ஆவர்த்தனத்தில் மிருதங்க வித்வான் எவ்வளவு வேகமாக வாசித்தார் என்பது ஒரு பக்கம் இருக்க, கோர்வை முடியும்போது எடுப்புக்குச் சரியாக வந்து விழுந்தாரா என்பதைத்தான் சபை கவனிக்கிறது; இங்கும் நிலைமை அதுவே. சிபியூ மீட்டர் காட்டுவது ஒரு கால அளவின் சராசரியை. ஆயிரம் கட்டுகளில் ஒவ்வொன்றையும் அரை மில்லிநொடியில் முடித்துவிட்டு ஒரு கட்டுக்கு மட்டும் 5 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும் கணினியின் சராசரி மிக அழகாக இருக்கும், ஒலி அறுபடும். எனவே கணினியின் வேகம் எவ்வளவு என்று கேட்பதைவிட, அது தாமதமான அந்த ஒரு கணத்தில் வேறு எதைச் செய்துகொண்டிருந்தது என்று தேடுவதே பயன் தரும்.

அமைப்புகளில் கைவைக்கும் முன், கேட்பது உண்மையிலேயே விடுபட்ட ஒலிதானா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. இதற்கு எளிய வழி, பாட்டை ஒரு வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து கேட்பது. அப்போது கணினிக்குக் கெடு எதுவும் கிடையாது. ஒரு கட்டுக்கு எவ்வளவு நேரம் பிடித்தாலும் காத்திருந்து எழுதும். எக்ஸ்போர்ட் செய்த கோப்பில் அந்தக் கரகரப்பு இல்லையென்றால் அது கெடு தவறியதால் வந்தது. கோப்பிலும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருந்தால் கணினியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை: எங்கோ ஒரு டிராக் அளவுக்கு மேல் ஏறி கிளிப் ஆகிறது, அல்லது எடிட் செய்த இடத்தில் ஒலியை மெல்ல ஏற்றி இறக்கும் ஃபேட் கொடுக்கப்படவில்லை, அல்லது ஒரு ப்ளக்இன் கோளாறு செய்கிறது. பதிவு செய்த குரலிலேயே வெட்டு விழுந்திருந்தால் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சிகள் தட்டையாக இருந்தால் அது கிளிப்பிங். அலை நடுவழியில் செங்குத்தாக முறிந்தோ, சிறிது தூரம் வெறும் கோடாக ஓடியோ இருந்தால் அது விடுபட்ட ஒலி. இந்த இரண்டாவது வகைக்குத்தான் நாம் அஞ்ச வேண்டும். பிளேபேக்கில் விழும் வெட்டு எரிச்சலோடு போய்விடும். பதிவில் விழும் வெட்டோ பாடகர் தந்த நல்ல டேக்கைத் திரும்பப் பெற முடியாதபடி கெடுத்துவிடும். இடைவிடாத 'உம்' என்ற இரைச்சல் இந்தக் கணக்கிலேயே சேராது. அது எர்த் தொடர்பான மின் சிக்கல், அதைப் பற்றி வேறொரு நாள் எழுதலாம்.

விடுபட்ட ஒலிதான் என்று தெரிந்த பிறகு, அது எப்போது விழுகிறது என்பதைக் காதால் கவனிப்பதே பாதி மருத்துவம். பாட்டில் கருவிகள் நிறைந்த இடத்தில் மட்டும் வருகிறதா, ஒரே சீரான இடைவெளியில் வருகிறதா, அல்லது ஒரே ஒரு தம்பூரா டிராக் மட்டும் இருக்கும் காலி ப்ராஜெக்டிலும் எந்த ஒழுங்குமின்றி வருகிறதா? மூன்றுக்கும் காரணங்கள் வேறு. இதைப் பிரிக்காமல், இணையத்தில் உலவும் முப்பது நாற்பது அம்சங்கள் கொண்ட 'விண்டோஸைச் செப்பனிடும் பட்டியல்' எதையாவது மேலிருந்து கீழாகச் செய்து முடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் சில விண்டோஸ் எக்ஸ்பி காலத்து அறிவுரைகள். செய்து முடித்த பின் ஒலி சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாவிட்டால் எதையெல்லாம் பழைய நிலைக்குத் திருப்புவது என்றும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதற்குப் பின் அதே ப்ராஜெக்டை அதே நீளத்துக்கு ஓடவிட்டுக் கேட்டல் என்ற முறையை விட்டு நான் விலகுவதில்லை.

சீரான இடைவெளியில் விழும் வெட்டை முதலில் முடித்துவிடுவோம், ஏனெனில் அதன் காரணம் தெளிவானது. இரண்டு ஒலிச் சாதனங்கள் ஒரே நேரத்தில் இயங்கும்போது ஒவ்வொன்றும் தன் சொந்தக் கடிகாரத்தைப் பின்பற்றுகிறது. யூஎஸ்பி மைக்கில் பதிவு செய்துகொண்டு கணினியின் ஹெட்ஃபோன் ஜாக்கில் கேட்பவர்களுக்கு இதுதான் நடக்கிறது. இரண்டும் 48,000 என்றே சொல்லிக்கொண்டாலும் இரண்டு படிகங்கள் ஒன்றுபோல் துடிப்பதில்லை. அவற்றுக்கிடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தால் நொடிக்கு 2.4 சாம்பிள் விலகும்; 128 சாம்பிள் பஃபர் ஏறக்குறைய 53 நொடிக்கு ஒருமுறை தீர்ந்துபோகும். அந்த நொடியில் ஒரு வெட்டு. எந்த விண்டோஸ் அமைப்பை மாற்றினாலும் இது போகாது. உள்ளீடும் வெளியீடும் ஒரே சாதனத்தின் வழியாக நடந்தால் போய்விடும். டிஜிட்டல் கேபிளில் வெளி ப்ரீஆம்ப்பை இணைத்திருப்பவர்கள் இரண்டில் ஒன்றை மட்டும் தலைமைக் கடிகாரமாக வைத்து, மற்றது அதைப் பின்பற்றுமாறு அமைக்க வேண்டும்.

என் மடிக்கணினியில் இருந்தது மூன்றாவது வகை. காலி ப்ராஜெக்டிலும் வெட்டு விழுந்தது. பஃபரை 512-க்கு ஏற்றினால் குறைந்ததே தவிர நிற்கவில்லை. இது பெரும்பாலும் இசை மென்பொருளுக்கு வெளியே உள்ள கோளாறின் அடையாளம். விண்டோஸ் கெடுக்களை உத்தரவாதமாகக் காக்கும் இயங்குதளம் அல்ல. வைஃபை அட்டையோ, கிராஃபிக்ஸ் அட்டையோ, பேட்டரியைக் கண்காணிக்கும் சுற்றோ தன்னைக் கவனிக்கச் சொல்லி ப்ராசஸரைக் குறுக்கிடும்போது, அதை இயக்கும் மென்பொருளான ட்ரைவர் முதலில் ஒரு சிறு வேலையை முடித்துவிட்டு மீதியை டிபிசி எனப்படும் தள்ளிவைத்த வேலையாக வரிசையில் போடுகிறது. இந்த இரண்டுமே சாதாரண நிரல்கள் எல்லாவற்றையும்விட மேலான முன்னுரிமை பெற்றவை. ஆடியோ நிரலுக்கு விண்டோஸ் 'ப்ரோ ஆடியோ' என்ற உயர்ந்த தகுதியைக் கொடுத்தாலும், ப்ராசஸரின் அதே கோரில் (கணக்கிடும் பிரிவில்) ஒரு டிபிசி ஓடிக்கொண்டிருக்கும்வரை அது கைகட்டிக் காத்திருந்தே ஆக வேண்டும். ட்ரைவர் எழுதுவோருக்கு மைக்ரோசாஃப்ட் தரும் வழிகாட்டுதலின்படி ஒரு டிபிசி 100 மைக்ரோநொடிக்கு மேல் ஓடக்கூடாது. முதல் குறுக்கீட்டு வேலை 25 மைக்ரோநொடியைத் தாண்டக்கூடாது. எல்லா ட்ரைவர்களும் இதற்குக் கட்டுப்பட்டிருந்தால் 2.67 மில்லிநொடிக் கெடுவுக்கு எந்த ஆபத்தும் வராது. ஒரு ட்ரைவர் இரண்டு மூன்று மில்லிநொடி கோரைப் பிடித்துவைத்துக்கொண்டால், எத்தனை கோர் உள்ள கணினியாக இருந்தாலும் ஒலி அறுபடும்.

யார் பிடித்துவைக்கிறார்கள் என்று காட்டித்தரும் கருவி லேட்டன்சிமான். ரெஸ்ப்ளெண்டன்ஸ் என்ற நிறுவனம் தரும் இந்த மென்பொருளை வீட்டில் பயன்படுத்த இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பலர் அதைத் திறந்து, முதல் பக்கத்தில் பச்சை நிறம் வருகிறதா சிவப்பு நிறம் வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உண்மையான தகவல் ட்ரைவர்கள் பக்கத்தில் இருக்கிறது. அங்கே அதிகபட்ச இயக்க நேரம் என்ற நெடுவரிசையின்படி வரிசைப்படுத்தினால் குற்றவாளி மேலே வந்து நிற்பார். ப்ராஜெக்டை ஓடவிட்டுக்கொண்டே அரை மணி நேரமாவது இதைக் கவனிக்க வேண்டும். எப்போதாவது ஒருமுறை வரும் உச்சம்தான் நமக்குத் தேவை, ஐந்து நிமிடப் பரிசோதனையில் அது சிக்காமல் போகலாம்.

என் கணினியில் முதலில் சிக்கியது வலையமைப்பு ட்ரைவர். வைஃபை இணைப்பில் இருக்கும்போதே அவ்வப்போது அருகிலுள்ள மற்ற இணைப்புகளைத் தேடும் வழக்கம் அதற்கு உண்டு. வெட்டுகள் ஏறக்குறைய அந்தத் தேடலோடு ஒத்துவந்தன. பணிப்பட்டையில் வைஃபையை அணைப்பதோடு நிறுத்தாமல், டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரையே முடக்கினேன். அணைக்கும்போது ட்ரைவர் நினைவகத்தில் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. முடக்கும்போது அதற்கு வேலையே இல்லாமல் போகிறது. வெட்டுகளில் பெரும்பகுதி அத்தோடு நின்றது. சில ப்ளக்இன்கள் உரிமத்தைச் சரிபார்க்க இணையத்தைத் தேடும் என்பதால், அதை முன்பே முடித்துக்கொண்டு பிறகு முடக்குவது நல்லது. நிரந்தரமாக இணையம் வேண்டும் என்பவர்கள் கேபிள் இணைப்புக்கு மாறிப் பார்க்கலாம். பொதுவாக அதன் ட்ரைவர் சாதுவானது.

மீதமிருந்த வெட்டுகளுக்கு லேட்டன்சிமான் காட்டிய பெயர் ஏசிபிஐ, அதாவது மின் மேலாண்மையைக் கவனிக்கும் பகுதி. மடிக்கணினிகளில் இது பரவலான கோளாறு. பேட்டரியில் எவ்வளவு மீதமிருக்கிறது, வெப்பம் எவ்வளவு என்று மதர்போர்டில் உள்ள சிறு கட்டுப்பாட்டுச் சிப்பிடம் விண்டோஸ் அடிக்கடி கேட்கிறது. அந்தச் சிப் மெதுவாகப் பதில் சொல்கிறது. பதில் வரும்வரை ப்ராசஸரின் ஒரு பகுதி நின்றுபோகிறது. டிவைஸ் மேனேஜரில் பேட்டரிகள் என்ற தலைப்பின் கீழ் 'ஏசிபிஐ கம்ப்ளையன்ட் கன்ட்ரோல் மெத்தட் பேட்டரி' என்று ஒன்று இருக்கும். அதை முடக்கியதும் மீதி வெட்டுகளும் மறைந்தன. இதற்கு ஒரு விலை உண்டு: பேட்டரிக் குறியீடு திரையிலிருந்து போய்விடும், சார்ஜ் தீரப்போகிறது என்ற எச்சரிக்கையும் வராது. மின்வெட்டு வழக்கமாக உள்ள எங்கள் பகுதியில் இது சிறு விஷயமன்று. மின்சாரம் போனதையே அறியாமல் வேலை செய்துகொண்டிருந்தால் கணினி சொல்லாமல் அணைந்துவிடும். அதனால் ப்ராஜெக்டைத் தானாகச் சேமிக்கும் வசதியைச் சில நிமிட இடைவெளியில் வைத்திருப்பதோடு, பதிவு முடிந்த உடனே பேட்டரியை மீண்டும் இயக்கிவிடுவதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். முன்னதாகவே மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துப் பார்ப்பது இதைவிட நாகரிகமான தீர்வு. பல மடிக்கணினிகளில் அதுவே போதுமானதாக இருக்கும்.

இங்கே வேறொரு பொருளும் சேர்கிறது. அதைப் பற்றிக் குளிர்நாட்டு வழிகாட்டிகள் ஒன்றிரண்டு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. நம் ஊரில் குரல் பதிவு செய்ய வேண்டுமானால் முதலில் மின்விசிறியை நிறுத்துகிறோம். ஏசி இருந்தால் அதையும் நிறுத்துகிறோம். தெரு இரைச்சல் வராமல் இருக்க ஜன்னலையும் சாத்துகிறோம். சித்திரை வைகாசியில் அந்த அறை பத்து நிமிடத்தில் கொதிக்கிறது. மடிக்கணினிக்குள்ளே ப்ராசஸர் தன் வெப்ப வரம்பைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பாடலின் முதல் டேக்கில் வராத வெட்டு ஐந்தாவது டேக்கில் வருவதற்கு இதுவே காரணம். பாடகர் சூடேறி நன்றாகப் பாடத் தொடங்கும் நேரமும் அதுதான் என்பது கூடுதல் துயரம். இதற்கு நான் கையாளும் வழி முரணாகத் தோன்றும்: ப்ராசஸரின் வேகத்தை நானே முன்கூட்டிக் குறைத்துவிடுகிறேன். பவர் அமைப்புகளில் ப்ராசஸரின் அதிகபட்ச நிலையை 100-லிருந்து 99 விழுக்காடாக மாற்றினால் பெரும்பாலான கணினிகளில் டர்போ வேகம் நின்றுவிடுகிறது. உச்ச வேகம் குறைந்தாலும் அந்த வேகம் கடைசிவரை ஒரே அளவில் நிற்கும், வெப்பமும் குறையும், கணினியின் விசிறி ஓலமிட்டு மைக்கில் பதிவாவதும் குறையும். கெடுவைப் பற்றி மேலே சொன்னதை நினைத்துப் பார்த்தால் இதில் முரண் இல்லை. நமக்கு வேண்டியது ஏறி இறங்கும் வேகமன்று, நிலையான வேகம். அதே பக்கத்தில் குறைந்தபட்ச நிலையை உயர்த்திவைப்பதும், மின் திட்டத்தை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுவதும் உதவும். 2018-இல் விண்டோஸ் 10-இல் வந்த அல்டிமேட் பெர்ஃபார்மன்ஸ் திட்டத்தையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். மேசைக்கணினியில் சரி, கோடைகால மடிக்கணினியில் அது வெப்பத்தைத்தான் கூட்டும்.

யூஎஸ்பி பற்றிச் சில வரிகள். இன்டர்ஃபேஸுக்குச் செல்லும் ஒலித் தரவு, பென்ட்ரைவுக்குச் செல்லும் தரவைப் போலக் கையாளப்படுவதில்லை. பென்ட்ரைவுக்குப் போகும் பொட்டலம் பழுதானால் திரும்ப அனுப்பப்படும்; ஒலிப் பொட்டலம் பழுதானால் அது போனதுதான், ஏனெனில் திரும்ப அனுப்புவதற்குள் அதன் நேரம் கடந்துவிடும். ஆகவே தளர்ந்த கேபிளும் மலிவான ஹப்பும் வேறு எங்கும் காட்டாத குறையை ஒலியில் காட்டும். இன்டர்ஃபேஸைக் கணினியின் சொந்த போர்ட்டில் நேராகச் செருகுவதும், வெளி ஹார்ட் டிஸ்கை அதிலிருந்து தள்ளி வேறு பக்கத்துப் போர்ட்டில் செருகுவதும், யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்ற மின்சேமிப்பை நிறுத்துவதும் போதும். கண்டன்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவரைப் போட்ட பின்பு மட்டும் வெட்டு விழுமானால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள்: யூஎஸ்பி 2.0 போர்ட் ஒரு சாதனத்துக்குத் தரக் கடமைப்பட்டது 500 மில்லி ஆம்பியர்தான். தனி அடாப்டர் செருகும் வசதி இன்டர்ஃபேஸில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

இனி முதல் வகை: கருவிகள் நிறைந்த இடத்தில் மட்டும் விழும் வெட்டு. இதில்தான் இசை மென்பொருளுக்கும் நம் பழக்கங்களுக்கும் பங்கு இருக்கிறது. பெரிய சாம்பிள் நூலகங்களைப் பயன்படுத்துபவர்கள் முதலில் டிஸ்கைப் பார்க்க வேண்டும். கான்டாக்ட் போன்ற சாம்பிளர்கள் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு மீதியை டிஸ்கிலிருந்து வாசித்தபடியே இருக்கின்றன. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றை முடிக்கவே 11 மில்லிநொடி ஆகிறது. படிக்க வேண்டிய இடம் தலையின் கீழ் வரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். வயலின் கூட்டத்தில் நாற்பது சுரங்கள் ஒரே நேரத்தில் தரவு கேட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சாம்பிள்களை எஸ்எஸ்டிக்கு மாற்றினாலே இந்தப் பிரச்சினை தீரும். மாற்ற முடியாதவர்கள் சாம்பிளரில் ப்ரீலோட் அளவைக் கூட்டலாம், அதற்கு ரேம் வேண்டும். ரேமுக்குச் செலவிடுவது பயன் தரும் இடங்களில் இது ஒன்று. ஆன்டிவைரஸ் மென்பொருள் சாம்பிள் கோப்புகளை ஒவ்வொரு முறையும் திறந்து சோதிக்காதபடி அந்த ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்ப்பதும், கோப்புகளைத் தானாக மேலேற்றும் கிளவுட் சேவைகளைப் பதிவு நேரத்தில் நிறுத்திவைப்பதும் அவசியம்.

அடுத்தது ப்ளக்இன்கள். எட்டு கோர் உள்ள கணினியில் ஒரு கோர் மட்டும் மூச்சுத்திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே டிராக்கில் வரிசையாகப் போட்ட ப்ளக்இன்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் இயங்க முடியும். முன்னது முடிந்து ஒலியைத் தந்த பிறகே பின்னது தொடங்கும். எனவே ஒரு டிராக்கின் சங்கிலி முழுவதும் ஒரே கோரின் தலையில் விழுகிறது. எல்லா ஒலியும் கடைசியாக வந்து சேரும் மாஸ்டர் டிராக்கில் நிலை இன்னும் மோசம்: எல்லா டிராக்குகளும் முடியும்வரை அது காத்திருந்து, எஞ்சிய சொற்ப நேரத்துக்குள் தன் சங்கிலியை முடித்தாக வேண்டும். லீனியர் ஃபேஸ் ஈக்யூ, மாஸ்டரிங் லிமிட்டர், ஓவர்சாம்ப்ளிங் உள்ள சாச்சுரேஷன் ஆகிய கனமான ப்ளக்இன்களை மெட்டு அமைக்கும் நேரத்திலேயே மாஸ்டரில் அடுக்கிவைக்கும் பழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. முடிந்த பாடல்போல் கேட்க வேண்டும் என்ற ஆவல் புரிகிறது. ஆனால் அவை பதிவு முடிந்தபின் வர வேண்டியவை.

பதிவுக்கு டிராக்கை ஆயத்தப்படுத்தியதும் மட்டும் வெட்டு வருவதற்கும் விளக்கம் உண்டு. இசை மென்பொருள்களான க்யூபேஸில் ஆசியோ கார்ட் என்றும் ரீப்பரில் ஆன்டிசிபேட்டிவ் எஃபெக்ட்ஸ் என்றும் பெயர் பெற்ற வசதி, முன்பே பதிவான டிராக்குகளைச் சற்று முன்கூட்டியே கணக்கிட்டுவைத்துக்கொள்கிறது; அடுத்து என்ன வரப்போகிறது என்பது மென்பொருளுக்குத் தெரியும் என்பதால் அது சாத்தியமாகிறது. ஆனால் பாடகர் அடுத்த நொடி என்ன பாடுவார் என்பதை எந்த மென்பொருளும் முன்கூட்டிக் கணக்கிட முடியாது. எனவே ஆயத்தமான டிராக்கும், அதன் ஒலி போய்ச்சேரும் பஸ்ஸும் (பல டிராக்குகளைச் சேர்க்கும் வழி), மாஸ்டரும் சிறு பஃபரின் கெடுவுக்குள் திரும்பவும் வந்துவிடுகின்றன. பதிவு செய்யும்போது கனமான டிராக்குகளை ஃப்ரீஸ் செய்வதும் (ப்ளக்இன்களோடு சேர்த்து முன்பே கணக்கிட்டுக் கோப்பாக்கிவைப்பதும்), குரல் டிராக்கில் தாமதம் தரும் ப்ளக்இன்களை எடுத்துவிடுவதும் இதற்கான மருந்து.

விந்தையான ஒரு வகையையும் சொல்லிவிடுகிறேன். பாட்டு ஓடும்போது ஒன்றும் ஆகாது. பாட்டு முடிந்து அமைதி வந்த சில நொடிகளில் சிபியூ மீட்டர் திடீரென்று ஏறும். ரிவெர்ப், அதாவது அறையின் எதிரொலி போன்ற விளைவு, தேய்ந்து தேய்ந்து பூஜ்யத்தை நெருங்கும்போது, அதற்குள் உள்ள எண்கள் ப்ராசஸர் சாதாரணமாகக் கையாளும் வரம்பைவிடச் சிறியவையாகிவிடுகின்றன. அவற்றைக் கணக்கிட அதற்குப் பல மடங்கு நேரம் பிடிக்கிறது. இப்போதைய ப்ளக்இன்கள் அத்தகைய எண்களைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்கின்றன. பழைய இலவச ரிவெர்ப் ஒன்றை விடாப்பிடியாக வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தத் தகவல் தேவைப்படலாம்.

கடைசியாகப் பஃபரை எவ்வளவு வைக்கலாம் என்ற கேள்வி. 32 சாம்பிளில் ஓடுகிறது என்று பெருமை பேசுபவர்களைக் கண்டு ஏங்க வேண்டாம். ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்கிறது. 128 சாம்பிளின் 2.67 மில்லிநொடியில் அது ஒரு மீட்டரைக்கூடத் தாண்டாது. போகவர இரண்டு பஃபரும் இன்டர்ஃபேஸின் உள்தாமதமும் சேர்ந்தாலும், கச்சேரி மேடையில் வயலின்காரருக்கும் கடம் வாசிப்பவருக்கும் இடையில் உள்ள தூரத்தின் தாமதத்தைவிட அது மிகப் பெரிதல்ல. கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்ய 128 போதும். தாள வாத்தியப் பேட் தட்டுபவர்களுக்கு 64 வரை இறங்க வேண்டியிருக்கலாம். குரலுக்கோ இன்டர்ஃபேஸிலேயே டைரக்ட் மானிட்டர் என்ற பொத்தான் இருக்கிறது. பாடகர் தன் குரலைக் கணினிக்குள் போய்வராமல் நேரடியாகக் கேட்கிறார். அப்போது பஃபர் 512 ஆக இருந்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. ரிவெர்ப் கேட்காமல் பாட வராது என்பவர்களுக்கு, ரிவெர்பை மட்டும் கணினி வழியாகத் தந்தால் அதன் தாமதம் உறுத்தாது. மிக்ஸிங்கில் நான் 1024-ல்தான் வேலை செய்கிறேன். ஃபேடரை நகர்த்தி 21 மில்லிநொடி கழித்து மாற்றம் கேட்டால் எந்த நஷ்டமும் இல்லை.

ட்ரைவர் விஷயத்தில், இன்டர்ஃபேஸ் தயாரித்தவர் தரும் ஆசியோ ட்ரைவர் இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த இந்த முறை, விண்டோஸின் ஒலிக்கலவையைத் தவிர்த்து மென்பொருளையும் சாதனத்தையும் நேரடியாக இணைக்கிறது. ஆசியோஃபார்ஆல் என்பது விண்டோஸ் ட்ரைவரின் மேல் போர்த்திய ஓர் உறை; தனி இன்டர்ஃபேஸ் இல்லாதவர்களுக்கு அது உதவும், இருப்பவர்களுக்குத் தேவையில்லை. லினக்ஸ் பக்கம் போகலாமே என்று நண்பர்கள் சொல்வதுண்டு; கெடுக்களை மதிக்கும் பிரீம்ப்ட் ஆர்டி வசதி 2024-இல் 6.12 கெர்னலோடு அதன் மைய நிரலிலேயே சேர்ந்துவிட்டது என்பது உண்மையிலேயே பெரிய செய்தி. ஆனால் நான் காசு கொடுத்து வாங்கிய வீணை, நாகஸ்வர நூலகங்களும் சில ப்ளக்இன்களும் அங்கே ஓடாத வரையில் எனக்கு விண்டோஸ்தான்.

விண்டோஸோடு இருப்பதில் ஒரு தொல்லை மிச்சம் இருக்கிறது. பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் அது சில ட்ரைவர்களைத் தானாக மாற்றிவிடுகிறது. மின் அமைப்புகளையும் சில நேரம் பழைய நிலைக்குத் திருப்பிவிடுகிறது. அதனால் பதிவு நாள் குறித்துவிட்டால் அதற்கு ஒரு வாரம் முன்பாகவே அப்டேட்டை நிறுத்திவைத்துவிடுகிறேன். பதிவு முடிந்தபின் அப்டேட்டை அனுமதித்து, கணினியை மறுபடி தொடங்கி, பவர் பக்கத்தில் அந்த 99 அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தம்பூரா மட்டும் உள்ள அந்தக் காலி ப்ராஜெக்டை லேட்டன்சிமானோடு அரை மணி நேரம் ஓடவிடுகிறேன். முன்பு குறித்துவைத்த ட்ரைவர் பட்டியலோடு புதிய பட்டியலை ஒப்பிட்டால் எது மாறியது என்பது தெரிந்துவிடும். தேவைப்பட்டால் அந்த ஒரு ட்ரைவரை மட்டும் டிவைஸ் மேனேஜரில் ரோல்பேக் செய்துகொள்ளலாம்.